மூன்றாவது 'வேண்டாம்'

எங்கள் ஊரில் ஒருவர் 'வேண்டாம்' என்று சொன்னால் என்ன அர்த்தம் தெரியுமா? இன்னொரு தடவை கேளுங்கள் என்று அர்த்தம்!

போன வாரம் இதில் மாட்டிக்கொண்டவர் ஒரு மனநல ஆலோசகர். சென்னைப் பெண். திருப்பூரில் என் நண்பர் நடத்தும் பனியன் கம்பெனிக்கு, குடிப்பழக்கம் பற்றித் தொழிலாளர்களிடம் பேச வந்திருந்தார். நண்பர் கூப்பிட்டு நானும் போயிருந்தேன். வந்ததும் காபி நீட்டினார்கள். வேண்டாம் என்றார். மறுபடி நீட்டினார்கள். மறுபடி வேண்டாம் என்றார். மூன்றாவது தடவை சொல்வதற்குள் டம்ளர் அவர் கையில் இருந்தது.

அதைக் குடித்துவிட்டுத்தான் பேச ஆரம்பித்தார். குடி ஒரு நோய், வெட்கப்பட ஒன்றுமில்லை, உதவி கேட்கலாம்... நன்றாகத்தான் பேசினார். கடைசியில், யாராவது ஊற்றிக் கொடுத்தால் முகத்தைப் பார்த்து ஒரே ஒரு தடவை 'வேண்டாம்' சொல்லுங்கள், போதும் என்றார்.

ஹால் முழுக்கச் சிரிப்பு. பாவம், அவர் முழித்தார்.

சிரிக்காதவர் கட்டிங் மாஸ்டர் பழனிசாமி மட்டும்தான். ஆடி மாதத்திலிருந்து அவர் குடியைத் தொடவில்லை. போன வருஷமும் இப்படித்தான் விட்டிருந்தார். ஒரு கல்யாணத்தில் மச்சான் — மனைவியின் அண்ணன் — ஒரு வாய்தான் மாப்ள என்று வற்புறுத்த, தட்ட முடியாமல் வாங்கினார். அந்த ஒரு வாய் பல மாதம் நீண்டது. இப்போது அதே மச்சான் வீட்டுக் காதுகுத்து, வெள்ளகோவிலில் ஒரு மண்டபத்தில், ஞாயிற்றுக்கிழமை. போகாமல் இருக்க முடியுமா?

மெதுவாக எழுந்தார். "வேண்டாம்னா மச்சான் மனசு நோகுமுங்க. வாங்குனா இவ மனசு நோகுமுங்க."

'இவ' என்றது மனைவி சரசுவை. அதே கம்பெனியில் செக்கிங் வேலை.

எனக்குத் தெரியவில்லை, நீங்களே ஒரு வழி சொல்லுங்கள் என்று ஆலோசகர் கூட்டத்திடம் கேட்டது எனக்குப் பிடித்திருந்தது. வயிறு சரியில்லை என்று சொல்லலாம் என்றார் ஒருவர். மாலை போட்டிருக்கிறேன் என்று சொல்லலாம் என்றார் இன்னொருவர். கறி விருந்தில் மாலையா?

சரசுதான் சொன்னார். "பந்தி பரிமாறட்டுமுங்க. வாளி தூக்கற ஆள யாருங்க கூப்புட்டு உக்கார வெக்கறாங்க?"

நேற்று அடுத்த கூட்டம். எனக்கு அங்கே வேலையே இல்லை, ஆனாலும் போனேன். என்ன ஆயிற்றோ என்ற பதைப்புதான்.

பழனிசாமி பளிச்சென்று நின்றார். மச்சான் கண்ஜாடை காட்டி, மண்டபத்துக்குப் பின்னால் நின்ற காருக்குக் கூப்பிட்டாராம். கையிலோ குழம்பு வாளி. எதிரே நீளமாய்ப் பந்தி. எப்படிப் போவது? அடுத்த பந்தி, அதற்கடுத்த பந்தி என்று பொழுது ஓடிவிட்டது. கடைசிப் பந்தியில் மச்சானே வந்து உட்கார்ந்தார்.

"போதும் போதும்னு எலைக்குக் குறுக்கால கைய வெச்சாருங்க. நான் உடுவனுங்களா? ஊத்திப்போட்டேன்."

சரசு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, சொல்வதற்கென்ன.

குடிக்காதே என்று சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறோம். ஊற்றாதே என்று மச்சான்களுக்குச் சொல்லத்தான் ஆளைக் காணோம்...

காபி வந்தது. இந்தத் தடவை ஆலோசகர் வேண்டாம் என்று சொல்லவில்லை. எழுந்து போய் தட்டை வாங்கி, எல்லோருக்கும் தானே கொடுக்க ஆரம்பித்துவிட்டார்.

என்னிடம் நீட்டியபோது வேண்டாம் என்றேன். கேட்டால்தானே!