கோணக் கம்பியில் வருணன்

பள்ளிக்கூடக் கண்காட்சிக்குத் தெர்மாகோல் மாடல் செய்து விற்கும் தொழிலில் பரீட்சை பிள்ளைகளுக்கு அல்ல, எனக்கும் பெற்றோருக்கும்தான். முதல் நாள் சாயங்காலம் ராயபுரத்தில் என் கடை வாசலில் "நாளைக்கே வேணும்" என்று நின்றவர்களுக்கு இது புரியும்.

பத்தாவது உருண்டை

நெப்டியூனுக்கு அப்பால் புதிதாகக் கண்டுபிடித்த ஒரு குறுங்கோளுக்கு வருணன் என்று பெயர் வைத்ததாகப் பேப்பரில் படித்தேன். நெய்தல் நிலத் தெய்வம், எங்கள் கடலின் ஆள்! ஒரு பிள்ளையாவது அவரைக் கண்காட்சியில் ஏற்ற வேண்டும் என்று எனக்கு வைராக்கியமே வந்துவிட்டது. சூரியக் குடும்ப மாடலில் சிவப்பாக ஒரு சின்ன உருண்டையைச் சேர்த்தேன். புளூட்டோவையும் சேர்த்து ஒன்பது கிரகம் என்று பாடப் புத்தகம் சொன்ன காலம் அது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் ஒரு அப்பா விரல் விட்டு எண்ணிப் பார்த்தார்.

"புக்குல ஒம்போதுதான் கீது. நீ இன்னாம்மா ஒண்ணு எச்சா வச்சிக்கினு கீற? புடுங்கிப் போடு."

கேட்காத ரிப்பேர்

வருணனின் பாதை பூமியின் பாதையோடு மட்டமாக இருக்காது, சாய்ந்திருக்கும். அதற்காக அரைநாள் உட்கார்ந்து கம்பியை வளைத்திருந்தேன். பெரம்பூர் ரயில்வே ஒர்க்‌ஷாப் ஃபிட்டர் ஒருவர் மகனுக்கு மாடல் வாங்க வந்தார். நான் டீ வாங்கித் திரும்புவதற்குள் கம்பியை மட்டம் பார்த்து நேராக்கிவிட்டார். எனக்கு அழுகையே வந்தது. அவர் முகத்திலோ அப்படி ஒரு திருப்தி.

"கம்பி கோணிக்கினு இருந்திச்சி, நிமித்தி வுட்டேன். இதுக்கெல்லாம் டேங்ஸ் சொல்லாதம்மா."

காசிமேட்டுத் தைரியம்

காசிமேட்டில் மீன் விற்கும் ஸ்டெல்லா அக்கா மட்டும்தான் வருணன் கதையை முழுசாகக் கேட்டார். "எங்க வூட்ல மாதாவத்தான் கும்புடுறோம். அதுக்காவ கடலுக்குச் சொந்தக்காரர வாணாம்னுவனா?" என்று, நான் மறுபடி கம்பி வளைத்துச் செய்த மாடலை மகள் பிலோமினாவுக்கு வாங்கிப் போனார்.

திருவொற்றியூர்க் கண்காட்சியில் நடுவர், "கம்பி கோணல், உருண்டை அதிகம்" என்று நகரப் பார்த்தாராம். பிலோமினா விடவில்லை. "கோணல் இல்ல சார், வருணன் போற வழியே அதான். ஒரு தபா சுத்திவர இருநூத்தி எம்பது வருசம் ஆவும்" என்று சொல்லி, மாடலுக்கு அடியில் நான் ஒட்டியிருந்த பேப்பர் கட்டிங்கைத் திருப்பிக் காட்டினாளாம். முதல் பரிசு! கோப்பையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு அக்கா தெருமுனையிலிருந்தே கத்திக்கொண்டு வந்தார்.

"யம்மா, நம்ம கடலு சாமி ஜெயிச்சிட்டாரு!"

மறுபடியும் ஃபிட்டர்

அடுத்த வாரமே பெரம்பூர்க்காரர் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

"அந்தக் கோணக் கம்பி மாடலு ஒண்ணு குடும்மா. நேரா கீறத எம் புள்ள எட்த்துக்கினு போவ மாட்டேன்றான்."

சூரியனைச் சுற்றிவர வருணனுக்கு ஏறக்குறைய இருநூற்றெண்பது வருஷம் ஆகலாம். காசிமேட்டிலிருந்து பெரம்பூர் போய்ச்சேர ஒரே வாரம்தான் ஆனது.