மச்சாளின் பனி டயர்

டயர்க்காரன் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. எண்ணெய் படிந்த கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கடைக்குள் இருந்த இன்னொருவனையும் கூப்பிட்டு, இந்த சிக்னோரா கேட்பதைக் கேள் என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தான். இத்தாலியின் பலெர்மோ நகரில், சீசா என்ற பகுதியில், பஸ் தரிப்பிடத்துக்கு எதிரே இருந்த சின்னக் கடை அது. தை மாதம்தான், ஆனாலும் வெயில் எறித்துக்கொண்டிருந்தது, எதிர்வீட்டு மாடங்களில் துணி காய்ந்துகொண்டிருந்தது. அந்த வெயிலில் நின்றுகொண்டு என் மச்சாள் தன் பழைய சிவப்புக் காருக்கு நான்கு பனி டயர் கேட்டார். "இந்த ஊரில் பனி என்றால் கிரானீத்தாக் கிண்ணத்துக்குள் இருக்கிற ஐஸ் மட்டும்தான், சிக்னோரா" என்றான் அவன். மச்சாள் சிரிக்கவில்லை. அவன் சிரித்து ஓயும்வரை கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பிறகு தனக்குத் தெரிந்த அரைகுறை இத்தாலியனில், "முடிந்ததா? இப்போது சொல், எப்போது வரும்?" என்று கேட்டார்.

மச்சாள் என் கணவரின் மூத்த அக்கா. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பலெர்மோவுக்கு வந்து, ஒரு சிக்னோராவின், அதாவது ஒரு இத்தாலிய அம்மாவின், வீட்டில் சமையலும் துப்புரவும் செய்துகொண்டிருந்தார். எங்கள் ஆட்களில் கார் ஓடிய முதல் பெண் அவர்தான். லைசென்ஸ் எடுக்க மூன்று தரம் சோதனை எழுதினார். இரண்டு தரம் பெயில். "மண்ணெண்ணெயில கார் ஓடின ஊர்க்காரி நான், எனக்கு இவங்கள் படிப்பிக்கிறாங்கள்" என்று திட்டித் திட்டியே மூன்றாம் தரம் பாஸ் பண்ணினார். அது பொய்யில்லை. பெற்றோல் தடைசெய்யப்பட்ட காலத்தில் யாழ்ப்பாணத்தில் கார்கள் அப்படித்தான் ஓடின; தன் கணவரின் பழைய ஒஸ்டின் காரை மச்சாளும் அப்படியே ஓடியிருக்கிறார்.

அந்தக் கணவர் ஒரு காலையில் சங்கக்கடைக்கென்று சைக்கிளில் போனவர், திரும்பி வரவில்லை. நான் சொல்லும் இந்தக் காலத்தில் அது நடந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. மச்சாள் தாலிக்கொடியைக் கழற்றவில்லை. ஊரில் சிலர் மறைமுகமாகவும், இங்கே வந்தபின் சிலர் முகத்துக்கு நேரேயும் கேட்டார்கள். "ஆராவது உடம்பைக் காட்டட்டும், அப்ப கழற்றுறன்" என்பார். அதற்குமேல் ஒரு சொல் வராது. விஷயம் தெரியாத சிக்னோராவின் சிநேகிதிகள்தான் பாவம், தேநீர் குடிக்க வரும்போதெல்லாம் அந்தக் கொடியைத் தொட்டுப் பார்த்து "கே பெல்லா கத்தேனா" என்று வியப்பார்கள். எவ்வளவு அழகான சங்கிலி என்று அர்த்தம். கத்தேனா என்ற சொல்லை நாங்கள் இருவரும் படித்தது அப்படித்தான்.

மச்சாளுக்கு ஒரே மகள். கொழும்பில், வெள்ளவத்தையில், ஒரு தூரத்து உறவினர் வீட்டில் ஒரு அறையில் இருந்தாள். இரவில் யார் கதவைத் தட்டினாலும் அடையாள அட்டையும் பொலிஸ் பதிவுத் துண்டும் எடுத்துக்கொண்டு எழும்ப வேண்டிய காலம் அது. மாசி பிறந்தால் அவளுக்குப் பதினெட்டு. பதினெட்டு முடிந்த பிள்ளையைத் தாய் இத்தாலிக்குக் கூப்பிட முடியாது. அதற்கு முன் குவெஸ்தூராவில் விண்ணப்பத்தைக் கொடுத்துவிட வேண்டும். இல்லையென்றால் அவள் அங்கேயே, மச்சாள் இங்கேயே, அவ்வளவுதான். பொலிஸ் தலைமையகமான அந்தக் குவெஸ்தூராவில் ஒரு நாள் குறித்து வாங்க நாங்கள் எத்தனை விடியற்காலை வரிசையில் நின்றோம் என்பது தனிக்கதை. கிடைத்த நாள் ஒரு வெள்ளிக்கிழமை. மச்சாளின் வதிவிட அனுமதியான பெர்மெஸ்ஸோ இருந்தது, பிறப்புப் பத்திரம் மொழிபெயர்ப்போடு இருந்தது. சிக்னோராவின் கையெழுத்து மட்டும் இல்லை. வேலை தருவதும் அவர்தான், மச்சாள் குடியிருந்த சின்ன வீடும் அவருடையதுதான். இரண்டுக்கும் அவர் ஒரு நகரசபை அலுவலர் முன்னால் கையெழுத்துப் போட்டு முத்திரை வாங்கித் தரவேண்டும். அவரோ நத்தார்ப் பண்டிகைக்குத் தாயைப் பார்க்க மதோனியே மலையில் இருக்கும் தன் ஊருக்குப் போனவர், தாய் படுக்கையில் விழுந்ததால் அங்கேயே நின்றுவிட்டார். மலையில் பனி கொட்டியது. பஸ் நின்றுபோனது. தபாலை நம்பிய ஆள் அந்த நாட்களில் எங்களுக்குள் ஒருவரும் இல்லை. தொலைபேசியில் சிக்னோரா, "பனி விடட்டும் பார்ப்போம், பனி டயர் இல்லாமல் இங்கே ஒருவரும் ஏற முடியாது" என்றார். மறுமுனையில் மச்சாளுக்குக் கேட்டது கடைசிப் பாதி மட்டும்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் ஆண்கள் கூடியிருந்து இதை ஆராய்ந்தார்கள். ஆராய்ந்தார்கள் என்று மரியாதைக்குச் சொல்கிறேன்; பகிடி பண்ணினார்கள். எங்களில் ஒருவரும் ஸ்னோவைக் கண்ணால் கண்டதில்லை. பனி என்றால் எங்களுக்கு மார்கழிப் பனி; அதிகாலையில் தலையில் துவாய் சுற்றிக்கொண்டு போனால் தீர்ந்தது. "பனிக்குத் தலையில துவாய் கட்டிறதை அறிஞ்சிருக்கிறன், காருக்கு ரயர் கட்டிறதை இப்பதான் கேள்விப்படுறன்" என்றார் ஒருவர். இன்னொருவர், காருக்குக் கம்பளிச் சட்டையும் ஒன்று தைக்கச் சொன்னார். என் கணவர் மட்டும் சிரிக்காமல், "அக்கா, ஒரே ஒருநாள் ஓட்டத்துக்கு நாலு ரயர் வாங்கிறது விசர்வேலை. நாளைத் தள்ளிக் கேப்பம். மலையில போய் விழுந்தாப் பெட்டைக்குத் தாயும் இல்லை" என்றார்.

மச்சாள் தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டு எழும்பினார். "தள்ளித் தள்ளித்தான்ரா அவரைத் தேடாமல் விட்டனாங்கள். பொறு, சண்டை ஓயட்டும், ரோட்டுத் திறக்கட்டும் எண்டு எல்லாரும் சொன்னியள். நானும் கேட்டுக்கொண்டு இருந்தன். இந்தமுறை ஒருத்தற்றை சொல்லும் கேக்கமாட்டன்." நானும் உள்ளூர என் கணவரின் பக்கம்தான் நின்றேன் என்பதை இப்போதாவது சொல்லிவிட வேண்டும். வெட்கமாக இருந்தது. மறுநாள் டயர்க்கடைக்கு அவரோடு கூடப் போனதற்கு அந்த வெட்கம்தான் காரணம்.

சிரித்த டயர்க்காரனுக்கு எட்னா மலையடியில் ஒரு மைத்துனன் இருந்தான். அங்கே பனி டயர் ஓடும். பாதி தேய்ந்த நான்கு டயர்கள் செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தன. பல் பல்லாக, முரட்டுத்தனமாக இருந்தன. அவற்றைப் பூட்டும்போது டயர்க்காரன் மலைப் பாதையைப் பற்றி ஏதேதோ புத்தி சொன்னான். பனியில் சக்கரத்துக்கு இரும்புச் சங்கிலி பூட்டுகிற வழக்கம் ஒன்று உண்டு என்பதை மட்டும் சொல்லவில்லை. டயர் விற்கிறவன் அதை ஏன் சொல்லப்போகிறான்!

புதன்கிழமை காலை நாங்கள் இருவரும் புறப்பட்டோம். கடலோரமாகப் போன நெடுஞ்சாலை மலைப்பக்கம் திரும்பியதும் எலுமிச்சைத் தோட்டங்கள் நின்றுபோயின. அரைமணி நேரத்தில் வயல்கள் வெளுத்தன. மச்சாள் வெள்ளவத்தை அறையைப் பற்றியும், பெட்டைக்கு எந்தப் பக்கம் கட்டில் போடுவது என்பதைப் பற்றியும் விடாமல் கதைத்துக்கொண்டு வந்தவர், அந்த வெள்ளையைக் கண்டதும் நிறுத்திவிட்டார். "உதுதானோ?" என்றார். "உதுதான்" என்றேன். "வடிவாத்தான் கிடக்குது, சனியன்" என்றார். நெடுஞ்சாலையை விட்டு இறங்கி மலையேறத் தொடங்கிய இடத்தில் தடைக்கம்பம் போட்டிருந்தார்கள். சீருடைக்காரன் ஒருவன் கையைக் காட்டினான்.

சீருடை, தடைக்கம்பம், கண்ணாடியைத் தட்டும் விரல். இந்த மூன்றையும் ஒன்றாகக் கண்டால் யாழ்ப்பாணத்து மனிதருக்கு உடம்பு தானாக இறுகும், நாடு மாறியது எல்லாம் அந்த நேரம் ஞாபகத்துக்கு வராது. மச்சாள் கண்ணாடியை இறக்கினார். அவன் குனிந்து உள்ளே பார்த்து, "கத்தேனே?" என்று கேட்டான்.

மச்சாளின் கை கழுத்துக்குப் போனது. கொடியைச் சட்டைக்குள் தள்ளி, மேல் பொத்தானைப் பூட்டி, அதன்மேல் உள்ளங்கையை அழுத்தி வைத்துக்கொண்டார். "நோ" என்றார். அவனுக்கு விளங்கவில்லை. கொஞ்சம் உரத்து, "கத்தேனே, சிக்னோரா, கத்தேனே!" என்று கையை நீட்டி ஏதோ காட்டினான். நான் என் இரண்டு காப்பையும் கம்பளிச் சட்டையின் கைக்குள் இழுத்து மறைத்தேன். எனக்கும் அப்படித்தான் பட்டது. நகையைக் கழற்றச் சொல்லிக் கேட்ட தடைக்கம்பங்களை நாங்கள் கடந்து வந்தவர்கள்.

"கத்தேனா நோ!" என்று மச்சாள் கத்தினார். அந்த மலைப்பாதையில் நின்ற மற்றக் கார்க்காரர்களெல்லாம் திரும்பினார்கள். "தரமாட்டன்! செய்யிறதைச் செய்! மியோ மாரீத்தோ வீவோ! வீவோ!"

என்ரை மனுசன் உயிரோடை இருக்கிறார். ஆறு வருடத்தில் மச்சாள் அதை ஒருவரிடமும் சொன்னதில்லை. கழற்ற மாட்டேன் என்று மட்டும்தான் சொல்லியிருக்கிறார். தமிழில் எங்களிடம் சொல்லாததை, இலக்கணமில்லாத இத்தாலியனில், முன்பின் தெரியாத ஒரு சீருடைக்காரனின் முகத்தில் அடித்த மாதிரிச் சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அவன் பயந்துபோனான். இருபத்திரண்டு வயது இருக்கும், மூக்கு குளிரில் சிவந்திருந்தது. இரண்டடி பின்னால் போய், தன் ஜீப்புக்குள்ளிருந்து ஒரு பையைத் தூக்கிவந்து எங்கள் முன்னால் கொட்டினான். இரும்புச் சங்கிலி. அதையும் காட்டி, எங்கள் முன்சக்கரத்தையும் காட்டி, "சக்கரத்துக்கு, சிக்னோரா, சக்கரத்துக்கு!" என்று கெஞ்சினான். எனக்கு முதலில் விளங்கியது. மச்சாளுக்கு விளங்கியபோது முகத்தில் வந்த கோபத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை. "உதை முதலே சொல்லித் துலைச்சிருக்கலாமே, மூதேவி!" என்று தமிழிலேயே சொல்லிக்கொண்டு கதவைத் திறந்து இறங்கினார். வாழ்க்கையில் முதன்முதலாகப் பனியில் கால் வைத்தவர், அதைப் பார்க்கக்கூட இல்லை. நேரே முன்டயருக்குப் போய் ஓங்கி ஒரு உதை விட்டார். "பனி டயர்! பார்!" அவன் குந்தியிருந்து விரலால் பல்லைத் தடவிப் பார்த்தான். எழும்பி, இந்தப் பல் இருந்தால் சங்கிலி வேண்டாம் என்று கம்பத்தைத் தூக்கிவிட்டான்.

மலையூர் நகரசபையைப் பூட்டுவதற்குக் கால்மணி நேரம் இருக்கையில் போய்ச் சேர்ந்தோம். சிக்னோரா பெரிய மேலங்கிக்குள்ளிருந்து எங்களைப் பார்த்து, "நீ பைத்தியம், வேறொன்றுமில்லை" என்றார். "ஓம் சிக்னோரா, பைத்தியம்தான். கையெழுத்தைப் போடுங்கோ" என்றார் மச்சாள். போட்டார். முத்திரை விழுந்தது. வெள்ளிக்கிழமை குவெஸ்தூராவில் விண்ணப்பத்தை வாங்கித் திகதி அடித்தார்கள். மகளுக்குப் பதினெட்டு முடிய அப்போது பன்னிரண்டு நாள் இருந்தது.

பிறகு காத்திருப்பு. வசந்தம் வந்ததும் டயர்க்காரன் காரைக் கண்டு தெருவுக்கே ஓடிவந்து, இது மென்மையான ரப்பர், வெயிலில் வீணாகிவிடும், கழற்றுங்கள் என்று மன்றாடினான். "அவள் வந்து இறங்கட்டும்" என்றார் மச்சாள். அப்படியே ஓடினார். ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையத்துக்கு முன்னால் அந்தக் கார் வளைவில் திரும்பும்போது கத்துகிற கத்தலுக்கு எங்கள் ஆட்கள், பனி அக்கா வாறா என்று சொல்லிச் சிரிப்பார்கள். மச்சாள் ஹோர்ன் அடித்துப் பதில் சொல்வார்.

இப்போது கார்த்திகை பிறந்தால் என் மகன் பேசாமல் போய்ப் பனி டயர் பூட்டிக்கொண்டு வருகிறான். மலைப்பக்கம் போகிற வீதிகளில் சட்டமே அதுதான். அன்று துவாய்ப் பகிடி விட்டவரின் காரிலும் ஒரு பை சங்கிலி கிடக்கிறது. அதில் யோசிக்க எதுவும் இல்லை, யாரையும் எதிர்க்கவும் தேவையில்லை. மச்சாளுக்கு எழுபது தாண்டிவிட்டது. கொடி இன்னும் கழுத்தில்தான் இருக்கிறது. அதைப் பற்றி இப்போது ஒருவரும் கேட்பதில்லை, கேட்கிற துணிவும் ஒருவருக்கும் இல்லை.

அந்த வருட ஆடி மாத வெயிலில்தான் மகள் வந்து இறங்கினாள். விமான நிலையத்திலிருந்து திரும்பும்போது ஸ்ஃபெர்ராகவால்லோ கடலில் ஆட்கள் குளித்துக்கொண்டிருந்தார்கள், தார் உருகி மணத்தது. பின் சீட்டிலிருந்து அவள், "அம்மா, காருக்குள்ளை என்ன இரைச்சல்?" என்று கேட்டாள். "பனி ரயர் பிள்ளை." "இந்த வெய்யிலுக்கையோ?" மச்சாள், வீட்டுக்குத் திரும்பும் தெருவைக் கடந்து, மகளோடும் பெட்டியோடும் நேரே டயர்க்கடை வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார். "என் மகள்" என்று அவனிடம் சொன்னார். அவன் கையைத் துடைத்துவிட்டு அவளுக்குக் கை கொடுத்தான். பிறகு நான்கையும் கழற்றினான். பல் ஒன்றும் மிஞ்சவில்லை, வழுவழுவென்று மொட்டையாகக் கிடந்தன. என்ன செய்வது, எங்கேயாவது வைத்திருக்கப் போகிறீர்களா என்று கேட்டான்.

"எதுக்கு?" என்றார் மச்சாள். "எறி."