கைய உட்டா நேராப் போவோணும்

எண்பதுகளின் தொடக்கம். நான் சேலத்தில் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்தேன். அதனால் உலகத்தில் எனக்குத் தெரியாத மெஷினே கிடையாது என்று நினைப்பு. ஏற்காட்டு எஸ்டேட் ஷெட் ஒன்றில் கோழி அடைந்து கிடந்த பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை நாமக்கல் பக்கம் இருந்த எங்கள் தோட்டத்துக்கு இழுத்து வந்தேன். ரெண்டே சீட்டு, கூரை கிடையாது, மூக்கு மட்டும் நீளமோ நீளம். இன்ஜின் பாடியது. ஒரே கோளாறு, ஸ்டியரிங்கைக் கொஞ்சம் தளர்த்தினால் இடது பக்கம் இழுத்து வாய்க்காலைத் தேடும்.

அப்பா லாரி வைத்திருந்தவர். எந்த வண்டியில் ஏறினாலும் நேர்ரோட்டில் ரெண்டு கையையும் தூக்கிவிடுவார். அவருடைய பரீட்சை அது. என் காரிலும் தூக்கினார். புளியமரத்துக்கு அரை முழம் முன்னால் நின்றோம்.

"ஞாயித்துக்கெழம புதுச்சத்திரம் வரைக்கும் ஓட்டுவேன். கைய உட்டா நேராப் போவோணும். இல்லீன்னா பழைய இரும்புக்கடைக்காரன வரச் சொல்லிருவேன்" என்றார்.

வெண்ணந்தூரிலிருந்து என் வகுப்புத் தோழன் வந்தான். அவன் வீட்டில் தறி. கையோடு ஒரு கண்டு நூல் கொண்டுவந்தான். கடலைக்காய் காயப்போடும் சிமென்ட் களத்தில் காரை நிறுத்தி, இரண்டு பக்கமும் நூல் கட்டி, முன்சக்கரங்கள் எந்தப் பக்கம் பார்க்கின்றன என்று அளந்தோம். சக்கரங்களைத் திருப்பும் டை ராடைத் திருகி அதைச் சரிசெய்தோம். அப்புறம் ஊர்க் கொத்தனாரின் தூக்குக்குண்டைச் சக்கரத்தின் பக்கத்தில் தொங்கவிட்டு, சாய்ந்திருந்த சக்கரங்களை நிமிர்த்தினோம். சக்கரத்தைத் தாங்கும் சஸ்பென்ஷன் கை காரின் சட்டத்தோடு சேரும் இடத்தில் மெல்லிய தகடுகளைச் சொருகினால் சக்கரம் நிமிரும், எடுத்தால் சாயும். ரெண்டும் தூக்குக்குண்டுக்கு நேராக நின்றன.

"மாப்ள, உங்கப்பா கையோட காலையும் தூக்கட்டும்" என்றான்.

சனிக்கிழமை தோழனைப் பக்கத்தில் உட்காரவைத்து மெயின்ரோட்டில் நானே ஓட்டிப் பார்த்தேன். கையை எடுத்ததும் கார் வலது பக்கம் பாய்ந்தது. எதிரில் லாரி. எப்படித் திருப்பினேன் என்று இன்றைக்கும் தெரியாது. லாரி டிரைவர் தலையை வெளியே நீட்டி, "ஊட்டுல சொல்லிட்டு வந்துட்டியா?" என்று கத்திவிட்டுப் போனார்.

"முந்தி வாய்க்காலுக்குப் போச்சு, இப்ப எமலோகத்துக்கே போவுது" என்றான் தோழன்.

களத்துக்குத் திரும்பி மறுபடி அளந்தோம். சக்கரங்கள் செங்குத்தாகத்தான் நின்றன! அம்மா ஒரு குடம் தண்ணீரோடு வந்தார்.

"நகருங்க சாமி. களமெல்லாம் ஆயிலு. நாளைக்குக் கடலக்கா எங்க கொட்டறது?" என்று தண்ணீரைக் கவிழ்த்தார்.

தண்ணீர் காரின் வலது பக்கம் விழுந்து, அடியில் நுழைந்து, இடது பக்கம் வழியாக ஓடிப் போனது. நான் வாயைப் பிளந்தேன்.

"என்னத்தப் பாக்கற? மழத்தண்ணி நிக்கப்படாதுன்னு வாட்டம் உட்டுத்தான களம் போட்டுருக்குது!"

சரிவான தரையில் காரை நிறுத்தி சக்கரத்தை நிமிர்த்தியிருக்கிறோம். சமமான ரோட்டில் அது கோணாமல் என்ன செய்யும்?

கொத்தனாரிடம் மட்டம் பார்க்கும் டியூபையும் வாங்கி வந்தோம். அதில் தண்ணீர் நிரப்பி, ரெண்டு பக்கமும் மட்டம் ஒன்றாகும்வரை இடது சக்கரங்களுக்கு அடியில் பலகை கொடுத்தோம். ஆள் உட்கார்ந்த கனத்துக்கு சீட்டில் ஆளுக்கொரு கடலை மூட்டை. பொழுது சாய்வதற்குள் தகடுகளை மாற்றிச் சொருகி முடித்தோம்.

ஞாயிற்றுக்கிழமை அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு காருக்குள் இறங்கினார். நேர்ரோடு வந்ததும் கையைத் தூக்கினார். கார் கோடு போட்ட மாதிரி போனது. எதிரே வந்த லாரியின் காற்று அடித்தும் அசையவில்லை. அவர் கையை இறக்குகிற மாதிரியும் தெரியவில்லை.

"அப்பா, புடிங்கப்பா!" என்று நான்தான் அலறினேன்.

புதுச்சத்திரம் டீக்கடை முன்னால் நிறுத்தினார். ஹாரனை ரெண்டு தடவை அமுக்கிப் பார்த்தார்.

"ஏண்டா, இது ஆட்டுக்குட்டி கத்தற மாதிரி இருக்குது? ஷெட்டுல நம்ம லாரி ஹாரன் ஒண்ணு சும்மாதான கெடக்குது. எடுத்து மாட்டிக்க."

அவர் மனசு மாறுவதற்குள், "இன்னிக்கே மாட்டிர்றேனுங்கப்பா" என்றேன்.