மாதம் ஒரு உறை

போர்வைக்காகப் புருஷனை விட்டவள் என்று என் பக்கத்து வீட்டுக்காரியை இனி யாராவது சொல்வதானால் என் வீட்டு வாசலில் வந்து சொல்லட்டும். மருந்துக்கடை வாசலில் நின்று சொல்ல வேண்டாம். அங்கே இருமல் மருந்து வாங்க வருகிறவர்கள் எல்லாம் கேட்டுவிட்டு, தங்கள் பங்குக்கு ஒரு முழம் சேர்த்துக்கொண்டு போகிறார்கள். நேற்று எதிர்மாடிக்காரி சொல்கிறாள், அவள் ஓர் ஆணோடு வண்டியில் போனதைத் தன் கண்ணாலேயே பார்த்தாளாம். பார்த்தது உண்மைதான். அந்த ஆண் லாண்டரியில் இஸ்திரி போடுகிறவர். எழுபது வயசு, மூச்சிரைப்பு. அவர் தள்ளியது அழுக்குத் துணி ஏற்றும் வண்டி. அதில் ஏறிப் போனது தையல் மிஷின். இதையும் சேர்த்துச் சொல்ல எதிர்மாடிக்காரிக்கு வாய் வரவில்லை.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள். நடுவில் சிரிக்கிறாள். சிரிக்கட்டும், ஆனால் ஒரு சொல்லை மாற்றக் கூடாது.

அவளுக்குத் தெருவில் ஸ்க்ரீன்காரி என்று பெயர். ஜன்னலுக்கு ஸ்க்ரீன் தைத்துக் கொடுக்கும் கடையில் இருபத்திரண்டு வருஷம் மிஷின் மிதித்தவள். இந்தத் தெருவில் வெயில் யார் வீட்டுக்குள் எவ்வளவு வரலாம் என்று தீர்மானித்தது அவள் கைதான். என் சமையலறைச் சுவரும் அவள் சமையலறைச் சுவரும் ஒன்று. அந்தப் பக்கம் கரண்டி விழுந்தால் இந்தப் பக்கம் நான் திரும்பிப் பார்ப்பேன். அவள் என்னைப் பெரியம்மா என்பாள்.

அவள் வீட்டுக்காரர் பஸ் நிலையத்தில் டைம்கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். கெட்டவர் என்று நான் சொல்ல மாட்டேன். குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார், செருப்பைக் கூட வரிசையாகத்தான் விடுவார். ஒரே ஒரு வியாதி. எதன் முடிவும் அவருக்கு முன்கூட்டியே தெரிந்தாக வேண்டும். சினிமாவுக்குப் போனால், முந்தைய ஆட்டம் பார்த்துவிட்டு வெளியே வருகிற யாரையாவது நிறுத்தி, கடைசியில் யார் சாகிறார்கள் என்று கேட்டுவிட்டுத்தான் டிக்கெட் எடுப்பார். கல்யாண வீட்டில் சாப்பாடு எத்தனை பந்தி என்று விசாரித்துவிட்டுத்தான் மொய்க் கவரை எடுப்பார். இப்படிப்பட்ட மனிதர் வீட்டில் போய் அவள் மர்மப் போர்வை தைக்க உட்கார்ந்தாள்.

மர்மப் போர்வை என்றால் பேய் பிசாசு இல்லை. துண்டுத் துணிகளைச் சேர்த்துத் தைக்கிற போர்வைதான். ஆனால் முழுதாக எப்படி வரும் என்று தைக்கிறவர்களுக்குத் தெரியாது. லாண்டரிக்கு மேலே உள்ள பெரிய அறையில் சனிக்கிழமை மத்தியானம் நாங்கள் ஏழு பேர் கூடுவோம். தையல் சொல்லித்தரும் டீச்சர் மாதத்துக்கு ஒரு உறை கொடுப்பாள். இந்த மாதம் இத்தனை துண்டு வெட்டு, அடுத்த மாதம் இதை அதோடு சேர், இப்படி ஆறு மாதம், ஆறு உறை. கடைசி உறையில்தான் படம் இருக்கும். முந்தின உறையில் சொன்னதை முடித்துக் கொண்டுவந்து மேசையில் வைத்தால்தான் அடுத்த உறை கைக்கு வரும். எனக்கு ஸ்க்ரீன்காரிதான் படித்துச் சொல்வாள். அதனால் எங்கள் இருவர் போர்வையும் அக்கா தங்கை மாதிரி கூடவே வளர்ந்தது.

முதலில் அவள் பட்ட பாட்டைச் சொல்ல வேண்டும். ஸ்க்ரீனுக்குத் தாராளமாக ஓர் அங்குலம் உள்ளே விட்டு மடித்துத் தைத்துப் பழகிய கை. இந்த வேலைக்குக் கால் அங்குலம்தான் விட வேண்டும், நூலிழை கூடக் கூடாது. முதல் மாதம் அவள் தைத்த கட்டங்கள் எல்லாம் தண்ணீரில் போட்ட கம்பளி மாதிரிச் சுருங்கி நின்றன. எண்பது கட்டத்தையும் பிரித்தாள். பிரிக்கும்போது ஒரு வார்த்தை அலுத்துக்கொள்ளவில்லை. எனக்குத்தான் அலுப்பாக இருந்தது.

"என்ன தைக்கிறேன்னு தெரியாமலே ஆறு மாசம் தைப்பியா? புத்தி உள்ளவங்க செய்யற வேலையா இது?" என்று வீட்டுக்காரர் கேட்டாராம். வெட்டிய துண்டுகளைத் தரையில் பரப்பி, இது தாமரை, இல்லை, காற்றாடி என்று தினம் ஒரு ஜோசியம் சொல்வாராம். இவள் காதில் போட்டுக்கொள்ள மாட்டாள். தெரியாமல் இருப்பதுதான் இதில் ருசி என்று என்னிடம் சொன்னாள். கல்யாணமான நாளிலிருந்து அவளுக்குத் தெரியாமல் நடந்ததெல்லாம் அவளைக் கேட்காமல் நடந்தது. இது ஒன்றுதான் அவளாகச் சம்மதித்துத் தெரியாமல் இருந்தது.

அந்த ஆறு மாதத்தில் வீட்டுக்குள்ளும் ஒவ்வொன்றாக வந்து விழுந்துகொண்டிருந்தது. அதற்கு மட்டும் உறை கிடையாது.

முதலில் ஓர் ஆள் டேப்போடு வந்து கூடத்தை அளந்தான். பெயின்ட் அடிக்க என்றார் வீட்டுக்காரர். பெயின்ட் அடிக்கிறவன் சுவரை அளப்பான், இவன் தரையை அளந்து வாசல் கேட் வரை போனான். பிறகு போட்டோ ஆல்பங்கள் மகன் வீட்டுக்குப் போயின. அங்கே ஈரம் கம்மியாம். அப்புறம் மருமகள் போனில், "அத்தை, உங்க கட்டிலை ஜன்னல் பக்கம் போடவா, சுவர் பக்கம் போடவா? மிஷின் வேண்டாம் அத்தை, பிள்ளைங்க கையை விட்டுக்கும். இடமும் இல்ல" என்று கேட்டாள். இவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. வீட்டுக்காரரைக் கேட்டால், "சும்மா கேட்டிருப்பா" என்றார்.

இதை அவள் ஒரு சனிக்கிழமை மேசையில் சொன்னாள். எங்களோடு தைக்கிற, லாண்டரி நடத்துகிற லாண்டரியம்மாவின் கை அப்படியே நின்றது. தன் நாத்தனார் மகன் எங்கள் தெருவில் ஒரு வீட்டுக்கு முன்பணம் கொடுத்திருக்கிறான், வாசலில் பச்சை கேட் போட்ட வீடு என்றாள். எங்கள் தெருவில் பச்சை கேட் ஒன்றுதான். துண்டு துண்டாகக் கிடப்பதைப் பார்த்து முழுசு எப்படி வரும் என்று யோசிக்கிறவர்கள் ஏழு பேர் சுற்றி உட்கார்ந்திருந்தோம். அதற்கு மேல் யாரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. டீச்சர் மட்டும் எழுந்து போய் ஃபேனை அணைத்துவிட்டு, எதற்கு அணைத்தோம் என்று தெரியாமல் திரும்பப் போட்டாள்.

வீடு அவர் அப்பா அவருக்கு எழுதி வைத்தது. விற்க இவள் கையெழுத்து தேவையில்லை. தேவைப்பட்டிருந்தால் சொல்லியிருப்பார். மகன் வீடு பஸ்ஸில் ஒரு ராத்திரிப் பயணம். அங்கே போனால் கடை வேலை இல்லை, மிஷின் இல்லை, சனிக்கிழமை இல்லை. ஜன்னல் பக்கமோ சுவர் பக்கமோ ஒரு கட்டில், கையை விட்டுக்கொள்ள இரண்டு பேரப்பிள்ளைகள். அவள் பேரப்பிள்ளைகளை வெறுத்தவள் இல்லை. சாமான் கணக்கில் தன்னையும் சேர்த்துவிட்டார்களே என்பதுதான். அவராக வந்து சொல்கிறாரா பார்ப்போம் என்று அவள் வாயைத் திறக்காமல் இருந்தாள். நான் திறக்கச் சொன்னேன். எல்லாருக்கும் கேட்கும்படி நானே அந்தச் சுவரைத் தட்டிக் கேட்கிறேன் என்றும் சொன்னேன். "வேண்டாம் பெரியம்மா, அவருக்கு ஒரு வாய்ப்பு குடுப்போம்" என்றாள்.

ஐந்தாம் மாதம் டீச்சருக்கு முழங்கால் ஆபரேஷன். அதனால் ஐந்தையும் ஆறையும் ஒட்டிய உறைகளாகக் கையிலேயே கொடுத்துவிட்டுப் போனாள். ஆறாவதை, தான் திரும்பி வரும் சனிக்கிழமை எல்லாரும் சேர்ந்துதான் பிரிக்க வேண்டும் என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள். ஸ்க்ரீன்காரி அதை மிஷின் இழுப்பறையில், நூல் சுற்றிய பாபின்களுக்கு அடியில் வைத்தாள்.

அந்த வாரம் ஒருநாள் சாப்பிட உட்கார்ந்தபோது வீட்டுக்காரர் சொன்னது சுவருக்கு இந்தப் பக்கம் எனக்கே கேட்டது.

"நட்சத்திரம்தான் அது. இதுக்கா ஆறு மாசம்?"

தட்டைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு அவள் குரல் வந்தது, ரொம்ப மெதுவாக. "உறையைப் பிரிச்சீங்களா?"

"கத்திரிக்கோல் தேடினேன், கண்ணுல பட்டுது. நீ கஷ்டப்படறியேன்னுதான் பாத்துச் சொன்னேன்."

"வீட்டை வித்தாச்சா?"

அவர் தண்ணீர் குடித்தார் என்று நினைக்கிறேன். "அதை முன்னாடியே சொன்னா நீ வீணா கவலைப்படுவே. எல்லாம் முடிஞ்சதும் சொல்லலாம்னு இருந்தேன்."

ஒரு போர்வையின் முடிவுக்கு ஒரு மாதம் பொறுக்க முடியாத மனிதர், வீட்டின் முடிவை ஐந்து மாதம் வயிற்றுக்குள் வைத்திருந்திருக்கிறார். இந்தத் திறமை அவருக்கு உண்டென்று எங்கள் யாருக்கும் தெரியாது. அவள் அழவில்லை, கத்தவில்லை. பாத்திரம் கழுவினாள். ஒரே தட்டை மூன்று தரம் கழுவினாள், அவ்வளவுதான்.

இங்கே நான் ஒன்று சொல்ல வேண்டும். முதல் மாதம் வெட்டிய துணிகளை ஐந்து பிஸ்கட் டப்பாவில் எண் போட்டு வைத்திருந்தாள். இரண்டாம் டப்பாவில் வெளிர் மஞ்சள், நான்காம் டப்பாவில் கருநீலம். இரண்டும் ஒரே அளவுச் சதுரம், உறையில் நிறம் சொல்லாமல் டப்பா எண்ணை மட்டும்தான் சொல்லியிருக்கும். எண்பது கட்டத்தையும் பிரித்தபோது, உதவி செய்கிறேன் என்று அதையெல்லாம் நான் இஸ்திரி போட்டுத் திரும்ப டப்பாவில் அடுக்கினேன். நீலம் இரண்டுக்குள் போனது, மஞ்சள் நான்குக்குள் போனது. யார் மாற்றிப் போட்டது என்பதற்குச் சாட்சி இல்லை. டப்பா மூடியில் எண் தெளிவாக இல்லை என்பது என் வாதம். மூன்றாம் மாதமே எனக்கு மனசுக்குள் உறுத்தியது, அவளுடையது என்னுடையது மாதிரி வளரவில்லையே என்று. மறுபடி எண்பதைப் பிரிப்பாளே என்று பயந்து வாயை மூடிக்கொண்டேன். ஆக, அந்த வீட்டைச் சுற்றி ரகசியம் வைத்திருந்தது டைம்கீப்பர் மட்டும் இல்லை. அதற்காக நான் ஒத்துக்கொண்டேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

டீச்சர் கைத்தடியோடு திரும்பி வந்த சனிக்கிழமை எல்லாரும் உறையைப் பிரித்தார்கள். இவள் ஏற்கெனவே பிரித்த உறையைக் கவிழ்த்து வைத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவள் போலத் தைத்தாள். அதற்கு இரண்டு சனிக்கிழமை கழித்துத் தரையில் விரித்தோம். எனக்கு நட்சத்திரம் வந்தது. லாண்டரியம்மாவுக்கு வந்தது. எங்கள் ஆறு பேருக்கும் வெளிர் வானத்தில் கருத்த நட்சத்திரங்கள், அச்சில் வார்த்த மாதிரி.

அவளுடையதில் நட்சத்திரம் இல்லை. நட்சத்திரம் இருக்க வேண்டிய இடம் பின்னால் போய் மங்கிவிட்டது. எங்களுக்கெல்லாம் பின்னணியாகக் கிடந்த இடம் அவளுக்கு முன்னால் வந்து, கருநீலப் பட்டைகளாகக் குறுக்கும் நெடுக்கும் ஓடி, நாலு ஓரத்தையும் தாண்டி எங்கேயோ போகிற மாதிரி இருந்தது. டீச்சர் தடியை ஊன்றிச் சுற்றிச் சுற்றி வந்தாள். மடிப்பு சரி, அளவு சரி, மூலைகள் எல்லாம் முட்டி நிற்கின்றன, தப்பு எங்கே என்றே தெரியவில்லை என்றாள். எனக்கு ஜன்னல் கம்பி போல இருந்தது. ரயில் தண்டவாளம் மாதிரி என்றாள் லாண்டரியம்மா. நான் என் போர்வையில் ஒரு நூல் பிசிறைத் தேட ஆரம்பித்தேன்.

அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுகிறாள் என்று நினைத்து நான் கையைப் பிடித்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள், கண்ணில் தண்ணீர் வர.

"அவர் சொன்னது தப்பு பெரியம்மா. படத்தைப் பாத்துட்டுச் சொல்லியும் தப்பு."

பிறகு அதே மூச்சில் லாண்டரியம்மாவைப் பார்த்து, லாண்டரிப் பின்னறையில் சோப்பு மூட்டை தவிர வேறு என்ன இருக்கிறது என்று கேட்டாள். ஒன்றும் இல்லை என்றாள் லாண்டரியம்மா. சோப்பு மூட்டையை மாடிப்படிக்குக் கீழே வைத்துவிடலாம் என்றும் சொன்னாள். பேச்சு அவ்வளவுதான். இதைத்தான் தெருவில் சதி என்கிறார்கள்.

லாரி வந்தது ஒரு திங்கட்கிழமை காலை. டைம்கீப்பர் வாசலில் அட்டையும் பேனாவுமாக நின்றார். பத்து மணிக்குக் கட்டில், பத்தேகாலுக்குப் பீரோ, பதினொன்றுக்குப் புறப்பாடு. ஏறியதை எல்லாம் டிக் அடித்துக்கொண்டே வந்தார். மிஷின் பட்டியலில் இல்லை. இவளும் இல்லை. இவளை எழுதத் தேவையில்லை, தானாக ஏறிவிடுவாள் என்று நினைத்திருப்பார்.

அவள் குளித்து, நல்ல புடவை கட்டி, தோளில் மடித்த போர்வையைப் போட்டுக்கொண்டு மிஷினின் ஒரு பக்கத்தைப் பிடித்தாள். மறுபக்கம் நான். இரும்புக் காலோடு சேர்த்து அது ஒரு கன்றுக்குட்டி கனம். கொஞ்சம் கீழே வைடி என்றேன், கேட்கவில்லை. பச்சை கேட்டுக்கு வெளியே இஸ்திரிக்காரர் வண்டியோடு மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார்.

வீட்டுக்காரர் அட்டையிலிருந்து தலையைத் தூக்கினார். "அது லிஸ்ட்ல இல்லையே. எங்க கொண்டு போறே?"

"நான் தங்கப் போற இடத்துக்கு."

"நீயா? எங்க? எத்தனை நாளைக்கு? கடைசில என்னதான் பண்ணப் போறே?" பாவம், அவர் முகத்தில் முடிவு தெரியாமல் தியேட்டருக்குள் மாட்டிக்கொண்ட பயம்.

அவள் வாசற்படியில் நின்றாள். இருபத்தொன்பது வருஷமாக அவள் கூட்டிப் பெருக்கிய படி. மிஷினை இறக்கி வைத்துவிடுவாளோ என்று நான் பார்த்தேன். பிடியை மாற்றிப் பிடித்துக்கொண்டாள், அவ்வளவுதான்.

"இப்பவே சொன்னா நீங்க வீணா கவலைப்படுவீங்க. மாசா மாசம் ஒரு உறை அனுப்பறேன். ஒவ்வொண்ணா பிரிச்சுப் பாருங்க."

படி இறங்கினாள்.