பள்ளத்துத் திருப்பத்தில் ஆறு நிமிடம்

நாச்சிமுத்து இறந்த செய்தி எனக்கு அவருடைய எண்ணிலிருந்தே வந்தது. மார்கழி இரண்டாம் வாரம், காலை ஆறே முக்கால். பேசியவர் முன்பின் தெரியாத ஒரு பால்காரர். "ஏனுங்க, இந்தப் போனுக்காரரு உங்களுக்கு என்ன வேணுமுங்க? தொண்டாமுத்தூருக்கு மேக்கால, பள்ளத்துத் திருப்பத்துல ஆனை அடிச்சுப்போடுச்சுங்க. உசுரு இல்லீங்க. போன்ல மேல உங்க மெசேஜ்தான் இருந்துது, அதான் கூப்பிட்டேனுங்க."

அந்த மெசேஜை ஆறு இருபதுக்கு அனுப்பியிருந்தேன். "மறுபடியும் நின்னுட்டீங்களா? என்ன விஷயம்?" வீட்டில் சூடாகக் காபி குடித்துக்கொண்டு கேட்ட கேள்வி அது.

அவரை உங்களில் பலருக்குத் தெரியும். அடிவாரத்துத் தோட்டங்களில் உங்கள் மாடுகளுக்குச் சினை ஊசி போட்டவர் அவர்தான். இருவரும் ஒரே வருடத்தில் ஒரு தனியார் பால் நிறுவனத்தில் இந்த வேலைக்குச் சேர்ந்தோம். குளிர் மாதங்களில்தான் மாடுகள் அதிகம் பருவத்துக்கு வரும். ராத்திரி கத்த ஆரம்பித்த மாட்டுக்கு விடியும்போது ஊசி போட்டாக வேண்டும். ஊரே போர்த்திக்கொண்டு தூங்கும் மாதங்களில் நாங்கள் சட்டைக்குள் பழைய செய்தித்தாளைச் செருகிக்கொண்டு வண்டியை உதைத்துக்கொண்டிருப்போம். ஹெல்மெட் கண்ணாடியை மூடினால் மூச்சுக்காற்று படிந்து வழி தெரியாது. திறந்தால் கண்ணில் நீர் கொட்டும். விரல் மரத்துப்போனால் நிறுத்தி இன்ஜின் சூட்டில் காட்டிக்கொள்வோம். வண்டியின் பக்கவாட்டில் கட்டியிருக்கும், விந்துக் குச்சிகளை உறைய வைக்கும் நைட்ரஜன் கேனைத் தட்டி அவர் சொல்வார்: "நம்ம கேனுக்கு முன்னால மார்கழியெல்லாம் சும்மாங்க மாப்ள." என்னைவிட இரண்டு வயது சின்னவர். முறையில் சொந்தம் இல்லை. ஆனாலும் மாப்ள.

நான்கு வருடத்துக்கு முன்பு ஒரு தை மாதம் என் வண்டி எத்தனை உதைத்தும் கிளம்பவில்லை. அவர் வண்டியில் பின்னால் ஏறிக்கொண்டேன். பள்ளத்துத் திருப்பத்துக்கு ஐம்பதடி முன்னால் நிறுத்தினார். இன்ஜினை அணைத்தார், விளக்கை அணைத்தார், ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு இடது கையை உயர்த்தினார். பனியில் பக்கத்து வேலிகூடத் தெரியவில்லை. "கை வெறைக்குது மாப்ள, போலாமுங்க" என்றேன்.

"சித்தெ இருங்க. நம்ம வண்டிச் சத்தம் அதுக்குக் கேக்கும். அதோட சத்தம் நமக்குக் கேக்கோணுமல்லங்க?"

நாலைந்து நிமிடம் போயிருக்கும். தென்னந்தோப்புப் பக்கம் மட்டை முறிகிற சத்தம் கேட்டது. பிறகு அந்த வாடை. ஒரு தாயும் குட்டியும் பனிக்குள்ளிருந்து வந்து, சாலையைத் தாண்டி, மறுபடி பனிக்குள் போயின. நான் அவர் தோளைப் பிடித்த பிடியில் சட்டை கிழிந்துவிட்டது. அவை போன பிறகும் அவர் வண்டியை எடுக்கவில்லை. "கடைசி ஆனை இதுதான்னு நாம எப்படிங்க சொல்றது?" என்று இன்னும் கொஞ்சம் காத்திருந்தார். அன்று நான் உயிரோடு வீடு வந்தது அவருடைய பொறுமையால்.

அடுத்த வருடம் என் முழங்கால் கெட்டது. ஆர்.எஸ்.புரம் அலுவலகத்தில் எனக்கு மேசை கிடைத்தது. போன வருடம் நிறுவனம் எல்லோருக்கும் ஒரு போனைக் கொடுத்தது. யார் எங்கே போகிறார்கள் என்பது அதில் புள்ளியாகத் தெரியும். ஓடினால் பச்சை, நின்றால் சிவப்பு. அந்தப் புள்ளிகளைப் பார்ப்பதுதான் என் வேலை. கார்த்திகையில் பனி தொடங்கியதும் நாச்சிமுத்துவின் புள்ளி தினமும் பள்ளத்துத் திருப்பத்தில் ஆறு நிமிடம் சிவந்தது. மேலாளர் பார்த்துவிட்டு, "டீக்கடையா?" என்றார். விளக்கம் கேட்டு ஒரு மெமோ அடிக்கச் சொன்னார். அடித்தேன். கையெழுத்தும் போட்டேன்.

பதிலை நாச்சிமுத்துவே கொண்டுவந்தார். கோடு போட்ட தாளில், கைப்பட எழுதியது. "ஐயா, நான் நிற்குமிடத்தில் டீக்கடை இல்லை. பனி மாதங்களில் யானை காடு திரும்பும் நேரமும் நான் போகும் நேரமும் ஒன்று. இன்ஜினை அணைத்தால்தான் அது வருவது கேட்கும். இதை உங்கள் அலுவலகத்தில் இருப்பவரே என்னோடு வந்து நேரில் பார்த்திருக்கிறார். அவரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளவும்."

மேலாளர் படித்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "அப்படியா?"

எனக்கு அந்த மேசை வேண்டியிருந்தது. எதிர்த்துப் பேசினால் இன்னொரு மார்கழிக்கு வண்டியில் ஏற்றிவிடுவார்கள் என்ற பயம். "எப்பவாவது ஒருக்கா வருமுங்க சார்" என்றேன். பொய் என்று யாரும் பிடிக்க முடியாத பொய்.

"எப்பவாவது வந்தா, எப்பவாவது நின்னாப் போதும்" என்றார் மேலாளர். அந்தத் தாளைக் கோப்பில் சேர்க்க வேண்டாம் என்று என்னிடம் தள்ளினார். நான் அதை என் மேசை இழுப்பறையில் போட்டேன். நாச்சிமுத்து அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துத்தான் "சரிங்க சார்" என்றார். அதற்கு முன் ஒரு நாளும் அவர் என்னை சார் என்று கூப்பிட்டதில்லை. அதற்குப் பிறகு ஒரு நாளும் மாப்ள என்று கூப்பிடவில்லை.

மறுநாளிலிருந்து சிவப்பு காணாமல் போனது. ஒரு நாள் அலுவலக வாசலில் பார்த்து, "இப்ப எப்படிப் போறீங்க?" என்று கேட்டேன். "ஹாரன் அடிச்சுட்டே தாண்டிப்போடறேனுங்க சார்" என்றார். சிரிக்கவில்லை. நானும் அதற்குமேல் கேட்கவில்லை. மார்கழியில் அந்தப் புள்ளி மறுபடி சிவந்தபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது. இனி மேலாளருக்குப் பதில் சொல்ல வேண்டுமே என்று நினைத்துக்கொண்டே, அவர் விழுந்து கிடப்பது தெரியாமல், அந்த மெசேஜை அனுப்பினேன். யானைமேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அது தன் வழியில் போய்க்கொண்டிருந்தது.

இரங்கல் கூட்டத்தில் மேலாளர், "ஒரு நிமிடத்தைக்கூட வீணாக்காத ஊழியர்" என்று பேசினார். மாலை போட்டது நான். வாயில் கொழுக்கட்டையை அடைத்துக்கொண்டு அன்றும் நின்றேன். இரண்டு வாரம் கழித்து, நாச்சிமுத்துவின் மனைவி ருக்குமணி இழப்பீடு கேட்டு எழுதிய மனுவுக்கு நிறுவனத்தின் பதில் என் மேசை வழியாகப் போனது. ஊழியர் எச்சரிக்கையின்றி ஓட்டியதே விபத்துக்குக் காரணமாம். குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்ததாம் என்பார்கள். இங்கே தள்ளிய கைகளில் ஒன்று என்னுடையது.

முந்தாநாள் இழுப்பறையிலிருந்து அந்தத் தாளை எடுத்தேன். "இதில் சொல்லப்பட்டவன் நான்தான். எழுதியிருப்பது முழுக்க உண்மை. நிற்கக் கூடாது என்று அவரிடம் சொல்லப்பட்டபோது நான் கூட இருந்தேன்" என்று அடியில் எழுதி, தேதியும் கையெழுத்தும் போட்டு, ருக்குமணியிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். நின்றுகொண்டே இரண்டு தடவை படித்தார். "இத அன்னைக்கே சொல்லியிருக்கலாமுங்களே" என்றார். குரல் உயரவில்லை. பிறகு, "காப்பி வெக்கட்டுங்களா?" என்று கேட்டார். எங்கள் ஊர் மரியாதை சில நேரம் செருப்படியைவிட வலிக்கும்.

நான் இங்கே எழுதுவதை மேலாளர் படிப்பார் என்று தெரியும். படிக்கட்டும். வேலை போனாலும் சரி, கெட்ட முழங்காலோடு மறுபடி வண்டி ஏறச் சொன்னாலும் சரி. ஏறினால் அந்தத் திருப்பத்தில் நிற்பேன்.

அவருடைய கடிதம் இப்போது இருக்க வேண்டிய கையில் இருக்கிறது. எனக்கென்று வைத்துக்கொண்டது என் போனில் இருக்கும் அந்த ஒரு மெசேஜ் மட்டும்தான். அதை அழிக்க மாட்டேன். காலையில் ஆறு இருபதுக்கு எடுத்துப் படிக்கிறேன். "மறுபடியும் நின்னுட்டீங்களா? என்ன விஷயம்?" அதற்கான பதிலை அவர் ஒரு மாதம் முன்பே கைப்பட எழுதி, என் மேசைக்குக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போயிருந்தார்.