மாமாவின் மெசினில் கை வைத்தது

பழைய உழவு மெசின் வாங்கப் போகிறவன் முதலில் செய்ய வேண்டியது, இயந்திரத்தில் கையை வைத்துப் பார்ப்பது. தேய்ந்த இயந்திரம் குளிரில் இலேசில் எழும்பாது. அதனால் விற்கிறவன் ஆள் வருமுன்னே ஒருமுறை ஓட்டிச் சூடாக்கி, சாக்கால் மூடி, பச்சைப்பிள்ளை மாதிரி நிற்பான். இந்தத் தந்திரத்தைப் பிடிப்பதில் தம்பலகாமத்தில் என் அப்பாவை விஞ்ச ஆளில்லை. மெசின் வாங்குகிற எவரும் அவரைக் கூட்டிக்கொண்டுதான் போவார்கள்.

அவர் தனக்கென்று ஒன்று வாங்கப் புறப்பட்டபோது கூட்டிப்போனது என்னை. அங்கேயே கணக்குப் பிழைத்துவிட்டது.

விற்கிறவர் நிலாவெளி மாமா, அம்மாவின் ஒன்றுவிட்ட அண்ணன். மச்சானின் மெசினை அப்பா தொட்டுப் பார்த்தால், நம்பவில்லை என்று அர்த்தம். அதோடு உறவு அறுந்துவிடும். ஆகவே ஒன்பது வயதுப் பொடியன் விளையாட்டாகத் தொட வேண்டும். சுட்டால் அப்பாவிடம் வந்து, தண்ணி விடாய்க்குது என்று சொல்ல வேண்டும். பஸ்ஸில் நாலு தரம் சொல்லிப் பழக்கினார்.

அப்பாவும் மாமாவும் கதிரையில் இருந்து தேத்தண்ணி குடிக்க, நான் சாக்குக்குள் கையை விட்டேன். விரல் நுனி போதும். நான் முழு உள்ளங்கையையும் வைத்தேன். உளவு வேலையில் அவ்வளவு அக்கறை. தோசைக்கல் தோற்றுப்போகும். கத்தாமலிருக்க நாக்கைக் கடித்ததில் அங்கேயும் ஒரு காயம்.

"என்ன மருமோன், மெசினோடை என்ன கதை?" என்றார் மாமா.

சிரித்துக்கொண்டுதான் கேட்டார். எனக்கோ கையில் விலங்கு விழுந்தது போலிருந்தது. கையைக் காற்சட்டைப் பைக்குள் ஒளித்தேன். நாலு தரம் பழகிய வசனம் எங்கேயோ ஓடிவிட்டது.

அப்பா என் முகத்தைப் பார்த்தார். "தம்பி, தண்ணி விடாய்க்குதோ?"

வியர்வை கண்ணுக்குள் வழிந்தது. மாமா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்லையப்பா. விடாய்க்கேல்லை."

அப்பா காசைக் கொடுத்தார்.

மெசினை மறுநாள் அனுப்புவதாக மாமா சொன்னார். திரும்பி வந்து பஸ்ஸை விட்டு இறங்கும்போது என் கையைப் பிடித்த அப்பா, சட்டென்று விரித்துப் பார்த்தார். கொப்புளம் பூரித்து நின்றது. மச்சானிடம் கொடுத்த காசைத் திருப்பிக் கேட்கிற வழக்கம் எங்களிடம் இல்லை. மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

மாரியின் முதல் மழை விழுந்த காலை, மெசினின் கைபிடியைச் சுழற்றிச் சுழற்றி அப்பாவின் தோள் வீங்கியது. கராஜ்காரர் முதலில் ரிங் என்றார், பிறகு லைனர், பிறகு கிராங். ஒன்றை மாற்றிய பிறகுதான் அடுத்தது தெரிந்தது. வயலை உழ வாங்கிய மெசினைத் திருத்த, அப்பா வயலையே ஈடு வைத்தார். மெசின் எழும்பியபோது வயல் ஈடு பிடித்தவன் கையில்; உழுவதற்கு நிலமில்லை.

அம்மா முற்றத்தில் நின்று கேட்டா: "ஊருக்கெல்லாம் பார்த்துக் குடுக்கிற மனிசன். உங்கடை மெசினை ஆர் பார்த்தது?"

"நான்தான் கையை வைச்சுப் பார்த்தனான். குளிர்ந்துதான் கிடந்தது," என்றார் அப்பா.

வேலிக்கு அப்பால் பக்கத்து வளவுக்காரர் இருவர் கேட்டுக்கொண்டு நின்றார்கள். அதன்பிறகு மெசின் பார்க்க அப்பாவை ஒருவரும் கூப்பிடவில்லை. வழியில் கண்டால், "என்னண்ணை, குளிருதோ?" என்று கேட்பார்கள். அவரும் சிரித்துவிட்டுப் போவார்.

எனக்கு அப்போது பெரிய நிம்மதி. நல்லகாலம், மனிசனுக்கு எல்லாம் மறந்துபோயிற்று என்று நினைத்து, அந்த மறதிக்கு நன்றியாகப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்தேன்.