போர்க்காலத் தலைவரைக் கேலி செய்த பொங்கல்

எழுபத்தொன்றின் கடைசியில் போர் வந்து பதினைந்து நாளுக்குள் முடிந்தும் போனது. அடுத்த மாதம் பொங்கல். பெரம்பலூரில் எங்கள் தெருப் படிப்பகத்தார் காணும் பொங்கலன்று பிற்பகல் ஒரு பட்டிமன்றம் வைத்தார்கள். ‘போர்க்காலத் தலைவரைக் குறை சொல்லலாமா, கூடாதா?’ என்பது தலைப்பு. ‘கூடாது’ அணிக்குப் பேச்சாளர்கள் முண்டியடித்துக்கொண்டு வந்தார்கள். ‘சொல்லலாம்’ அணிக்கு ஆள் கிடைக்கவில்லை. கடைசியில் என்னிடம் வந்தார்கள்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். ஆசிரியர் அறையில் என் வாய்க்குப் பயந்து, நான் எழுந்துபோகும்வரை யாரும் எழுந்து போகமாட்டார்கள். போனால் அவர்களைப் பற்றி ஏதாவது சொல்லிவிடுவேன். அந்த வாயில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது. உடனே ஒப்புக்கொண்டேன்.

பஞ்சு மண்டியின் முற்றத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். கரும்பு மென்றபடி நானூறு பேராவது உட்கார்ந்திருந்தார்கள். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் நடுவர். எனக்கு எதிரே, தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதிக்கொடுப்பவர். கணீரென்ற குரல் அவருக்கு. “வீட்டுக்குள்ள பாம்பு பூந்துட்டா, கம்பு எடுத்தவன் கையப் புடிச்சு, கம்பு கோணலா இருக்குன்னு சொல்லிட்டிருப்பீங்களா?” என்று அவர் கேட்டதும் பந்தலே கைதட்டியது.

என் முறை வந்தது. நான் தலைவருக்கு ஒரு பொங்கல் வாழ்த்து எழுதி வந்திருந்தேன். அதையே படித்தேன்.

“பொங்கலன்று காலை எங்கள் வீட்டில் பால் பொங்கியது. தலைவருக்கு நன்றி. பக்கத்து வீட்டில் பால் திரிந்துவிட்டது. எதிரி நாட்டுச் சதி. என் சிற்றப்பா மண்ணெண்ணெய்க்கு மூன்று மணி நேரம் வரிசையில் நின்றார். கால் வலிக்கிறது என்று சொன்னால் தேசத்துரோகம் ஆகிவிடும். அதனால் வலி இனிக்கிறது என்கிறார். எங்கள் மாடுகூட இந்த வருடம் கொம்புக்கு வர்ணம் பூசும்போது தலையாட்டவில்லை. தலையாட்டினால் ‘வேண்டாம்’ என்று அர்த்தம் எடுத்துக்கொள்வார்களோ என்று பயம் அதற்கு.”

முதலில் சிரித்தார்கள். மாடு வந்தபோது பாதிச் சிரிப்பு நின்றுவிட்டது. பின்வரிசையில் ஒருவர் எழுந்து, “எல்லையில செத்தவன் ரத்தம் இன்னும் காயல. ஒனக்கு நையாண்டி கேக்குதா? எறங்கு கீழ!” என்று கத்தினார். இன்னும் நாலைந்து பேர் எழுந்தார்கள். மனு எழுதுபவரும் தன் நாற்காலியிலிருந்தே, “டீச்சர், இது நல்லால்லைங்க. பட்டாளத்துக்காரன் பொண்டாட்டி யாராச்சும் இங்க உக்காந்திருந்தா அவ மனசு என்ன பாடுபடும்?” என்றார்.

“நான் இருக்கேங்க” என்று பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

என் வயதுதான் இருக்கும் அவளுக்கு. கைத்தறிச் சேலை, தோளில் தூங்கும் குழந்தை. வாலிகண்டபுரத்திலிருந்து அண்ணன் வீட்டுக்குப் பொங்கலுக்கு வந்திருந்தாள் என்பது பிறகுதான் தெரிந்தது. இப்போது இவள் என்னைக் கிழிக்கப் போகிறாள் என்று எல்லாரும் நினைத்தார்கள். நானும்தான்.

“எங்க வூட்டுக்காரரு பட்டாளத்துலதான் இருக்காரு. இந்த டீச்சர் பேசினது எனக்குக் கொஞ்சமும் புடிக்கல. டில்லியில இருக்கற அந்தம்மா படத்தப் பேப்பர்ல வெட்டி எங்க வூட்டுச் சாமி படத்துக்குப் பக்கத்துல ஒட்டி வச்சிருக்கேன். அவங்களக் கேலி பண்ணினா எனக்கு எரியுது” என்றாள்.

கைதட்டல் எழுந்தது. அவள் கையை உயர்த்தி நிறுத்தினாள்.

“தட்டாதீங்க, இன்னும் முடிக்கல. சண்ட முடிஞ்சு ஒரு மாசம் ஆச்சு. அவருகிட்டேருந்து கடுதாசி இல்ல. இருக்காரா இல்லையான்னு கேக்க ரெண்டு தடவ தாலுகா ஆபீசுக்குப் போனேன். ‘சண்ட நேரத்துல இப்படியெல்லாம் கேக்கக்கூடாது, போம்மா’ன்னாங்க. நானும் வந்துட்டேன். இங்கயும் அதையேதான் சொல்றீங்க. டீச்சரப் பேசக்கூடாதுன்னு எறக்கி விட்டுட்டீங்கன்னா, அப்புறம் நான் எந்த வாயால போய்க் கேப்பேன்? அவங்க பேசட்டும். எனக்குப் புடிக்கலன்னா எந்திரிச்சுப் போறேன்.”

சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டாள். ஆனால் எழுந்து போகவில்லை. குழந்தையின் தலையைத் தோளில் சரியாகச் சாய்த்துக்கொண்டு, மேலே படி என்பதுபோல என்னைப் பார்த்தாள்.

என்னால் படிக்க முடியவில்லை. நான் பேசியது எனக்குப் பிடித்த பேச்சு. அவள் காத்துக்கொடுத்தது தனக்குப் பிடிக்காத பேச்சை. அப்படி ஒரு மனசு இருக்க முடியும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. நான் ஏறி நின்ற மேடை திடீரென்று மிகத் தாழ்வாகத் தெரிந்தது. மயிர் கூச்செறிந்தது என்று எழுதுவார்களே, அன்று என் முழங்கையில் அதைக் கண்ணால் பார்த்தேன்.

அதைவிடப் பெரிய அதிசயம் அடுத்து நடந்தது. என் எதிரணித் தலைவர், அந்த மனு எழுதுபவர், மேடையிலிருந்து இறங்கி நேராக அவளிடம் போனார். வேட்டியை மடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். பையிலிருந்து பேனாவையும் வெள்ளைத்தாளையும் எடுத்தார்.

“அவரு நம்பர் தெரியுமாம்மா? எந்தப் படைப்பிரிவு? சொல்லுங்க.”

அவளுக்கு எல்லாம் மனப்பாடமாக இருந்தது. அவர் அதை ராணுவ அலுவலகத்துக்கு ஒரு மனுவாக இங்கிலீஷில் எழுதினார். நடுவர் தீர்ப்பு சொல்லவேயில்லை. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வந்து மனுவில் முதல் கையெழுத்தைப் போட்டார். பிறகு வரிசை சேர்ந்தது. என்னை இறங்கச் சொல்லிக் கத்தியவரும் அந்த வரிசையில் நின்றார். கையெழுத்துப் போடத் தெரியாதவர்களுக்காகப் படிப்பகத்திலிருந்து மைப்பெட்டி கொண்டுவந்தார்கள். நான் தாள்களை அடுக்கி எண் போட்டேன். வெயில் சாய்வதற்குள் ஏழு தாள் நிரம்பிவிட்டது.

மூன்று வாரம் கழித்து மதிய இடைவேளையில் அவள் பள்ளிக்கு வந்தாள். கையில் ஒரு கடிதம். வடக்கே ஏதோ ஊர் ராணுவ ஆஸ்பத்திரியில் அவர் இருக்கிறார். வலது கையில் குண்டுச் சிதறல். வேறொருவர் கையெழுத்தைப் பார்த்தால் இவள் பயந்துவிடுவாள் என்று, கை ஆறட்டும் என்று காத்திருந்தாராம். மனு போய்ச் சேர்ந்ததும் மேலதிகாரி கட்டிலருகே வந்து சத்தம் போட்டு எழுத வைத்தாராம். இடது கையால் எழுதிய எழுத்துகள், ஒன்றாம் வகுப்புக் குழந்தை எழுதியதுபோலக் கோணிக்கொண்டு நின்றன. அவள் அதைக் காட்டிச் சிரித்தாள், அழுதாள். நானும்.

“இன்னும் எம்மேல கோவமா?” என்று கேட்டேன்.

“இருக்காதா பின்ன? அந்த மாடு கதை ரொம்ப அதிகங்க, டீச்சர்.”

சித்திரையில் பட்டாளத்திலிருந்து விடுவிக்கப்பட்டு அவர் ஊர் வந்தார். இரண்டு விரல் மடங்கவில்லை. ஆனாலும் வயல் வேலைக்குப் போனார்.

அடுத்த பொங்கலுக்கும் படிப்பகத்தார் அதே தலைப்பில் பட்டிமன்றம் வைத்தார்கள். இந்தத் தடவை ‘கூடாது’ அணியின் முதல் பேச்சாளர் அவள். நான் எழுதி வந்த ஒவ்வொரு நையாண்டிக்கும் ஒரு வரியில் பதில் வைத்திருந்தாள். நடுவர் அவள் பக்கம் தீர்ப்புச் சொன்னார். அவள் கணவர் முன்வரிசையில் உட்கார்ந்து, மடங்காத விரல்களோடு, பலமாகக் கைதட்டிக்கொண்டிருந்தார். மேடையில் நானும் தட்டினேன்.